டர்போ மாத்தியும் வண்டி இழுக்கலைன்னா, அடுத்த பார்ட்டை வாங்காதீங்க

டர்போ மாத்தியாச்சு, பில்லும் கட்டியாச்சு. ஆனா மூணாவது கியர்ல ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் போகுது. சில வண்டி யோசிக்கறதோட சரி, போறதே இல்ல. எங்க ஊர்ப்பக்கம் டீசல் கார் வெச்சிருக்கறவங்ககிட்ட இந்தப் பொலம்பலை ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கறேன். பொலம்பலுக்கு அடுத்தாப்ல எல்லாரும் சொல்றதும் ஒண்ணேதான். "ஒர்க்ஷாப்புல இஞ்செக்டரை மாத்தச் சொல்றாங்க." இஞ்செக்டரையும் மாத்தினவங்க, "இப்ப பம்ப்பு போயிருக்கும்ங்கறாங்க" அப்படிம்பாங்க.

வெங்காயத்தையும் மாட்டையும் பத்தி எழுதறவன் எதுக்கு கார் டர்போவுக்கு வந்துட்டான்னு நீங்க கேக்கலாம். காரணம் இருக்குங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் தாராபுரத்தைச் சுத்தி இருக்கற கிராமத்துல ஓடற சின்ன டீசல் காரெல்லாம் பெரும்பாலும் நீங்க டவுன்ல ஓட்டி முடிச்சு வித்த வண்டிதான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்தப்ப மாருதி டீசல் கார் போடறதையே நிறுத்திருச்சு. மத்தவங்களும் சின்ன வண்டியில டீசலை ஒவ்வொண்ணா விட்டுட்டாங்க. அதனால புதுசு வாங்கறதுங்கற பேச்சே இல்ல. இருக்கற பழசை வெச்சுத்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும், பழனிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கும் போயாகணும். ரெண்டு வண்டி மட்டும் போற ரோட்டுல தேங்கா லோடு லாரியைத் தாண்ட வலது பக்கம் ஏறினதுக்கப்பறம் வண்டி யோசிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்க டவுன் சிக்னல்ல ஓட்டறப்ப "பிக்கப் கொஞ்சம் கம்மி"ன்னு விட்டுடற விசயம், எங்க ஊர் ரோட்டுல உசுரு சம்பந்தப்பட்டது.

என் அபிப்ராயத்தை மொதல்லயே சொல்லிடறேன். டர்போ மாத்தின பின்னாடி வண்டி திணறுச்சுன்னா, பெரும்பாலும் குத்தம் அந்தப் புது டர்போவுல இருக்கறதில்ல. அதைக் கழட்டி மாட்டறப்ப கை பட்ட இடத்துல இருக்கும். இல்லாட்டி பழைய டர்போ சாகறப்ப கக்கிட்டுப் போன எண்ணெயில இருக்கும். அது எங்கேன்னு தேடிக் கண்டுபிடிக்கறது தனி வேலை. அந்த வேலைக்குக் கூலி குடுக்க நமக்கு மனசு வர்றதில்ல. சாமானுக்கு 40,000 குடுப்போம், பாக்கறதுக்கு 600 குடுக்க மாட்டோம். கூலி இல்லாத வேலையை எவன் செய்வான்? அதனால மெக்கானிக்கும் சாமானையே மாத்தறான்.

டர்போன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். எங்க பக்கம் வந்தீங்கன்னா காடு முழுக்க காத்தாடி நிக்கறதைப் பாக்கலாம். பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக்காத்துல அது சுத்துதில்லைங்களா, அதே மாதிரிதான். எஞ்சின்ல இருந்து வெளிய போற பொகை ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு காத்தாடி. அது வெளிக்காத்தை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து அதிகமா போனா டீசலை அதிகமா எரிக்கலாம், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலை செய்யும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூச்சிங்கறவர் 1905-லயே இதுக்கு காப்புரிமை வாங்கிட்டாரு. ஆனா டீசல் காருக்குள்ள அது வந்து சேர எழுபது வருசத்துக்கு மேல ஆச்சு. மெர்சிடிஸ் கம்பெனி 1978-லதான் டர்போ வெச்ச டீசல் காரை வித்துச்சு.

நம்ம ஊருக்கு அது பரவலா வந்தது ஃபியட் கம்பெனியோட 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின்லதான்னு சொல்லலாம். 1248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்சா, புன்ட்டோ, லீனியா, செவ்ரோலெட் சைல்னு ஒரே எஞ்சின் பல கம்பெனி பேர்ல ஓடுச்சு. "இந்தியாவோட தேசிய எஞ்சின்"னு கேலியா சொல்வாங்க. அதுல ரெண்டு ரகம். 75 குதிரை சக்தி உள்ளதுல சாதா டர்போ. 90 உள்ளதுல, காத்தாடியைச் சுத்தி இருக்கற சின்னச் சின்ன தகடு திரும்பித் திரும்பி பொகையோட பாதையை மாத்தற டர்போ. இந்த வித்தியாசத்தை ஏன் சொல்றேன்னா, 75 ரகத்துல 2000 சுத்துக்குக் கீழ கொஞ்சம் மந்தமா இருக்கறது அதோட பொறவிக்குணம். வாங்கின நாள்லயும் அப்படித்தான் இருந்துருக்கும். அதை நோவுன்னு நெனச்சு மாத்தி மாத்தி செலவு பண்ணினவங்களும் உண்டு. மொதல்ல அதே ரகத்து நல்ல வண்டி ஒண்ணை வாங்கி ஓட்டிப் பாருங்க. உங்க வண்டி அதைவிட மோசமா இருந்தாத்தான் நோவு.

எங்க பங்காளி ஒருத்தர் வண்டி கதையைச் சொல்றேன். கம்பெனி பேரு வேண்டாம், ஒர்க்ஷாப் பேரும் வேண்டாம். கோயமுத்தூர்ல ஒரு ஆபீசர் ஓட்டின வண்டி, ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஓடினது. வாங்கி எட்டாவது மாசம் டர்போ போச்சு. நீலப்பொகை, ஊஊன்னு ஒரு ஊளைச் சத்தம். மாத்தறதுக்கு 38,000 ஆச்சு. எடுத்துட்டு வந்தாரு. சத்தம் போயிருச்சு, நீலப்பொகையும் ரெண்டு நாள்ல நின்னுருச்சு. ஆனா 1800 சுத்துல இருந்து 2500 வரைக்கும் மூச்சு வாங்கற மாதிரி ஒரு திணறல், பின்னாடி கறுப்பா பொகை. ஒர்க்ஷாப்புக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா, நாலு இஞ்செக்டரும் சர்வீஸ் பண்ணணும்னு இன்னொரு 30,000 சொன்னாங்க.

அவரு வெங்காயம் வித்த காசுல பாதி அதுக்குள்ள போயிருச்சு. எங்கிட்ட வந்து, "அண்ணா, இதை வந்த வெலைக்குத் தள்ளிவிட்டரலாமுங்களா?"ன்னாரு. தாராபுரத்துல தனியா வேப்பமரத்தடியில வேலை செய்யற ஒரு பையன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்தப் பையன் சொன்னான், "பாக்கறதுக்கு 600 ஆகுமுங்ணா. குத்தம் கெடைச்சாலும் கெடைக்காட்டியும் 600." பங்காளிக்கு கோவம் வந்துருச்சு. பாக்கறதுக்குக் காசான்னு. நாந்தான் குடுக்கச் சொன்னேன்.

அவன் மொதல்ல சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாம, ஸ்கேனரை மாட்டிப் பாத்தான். காத்தழுத்தம் பாக்கற சென்சார் என்ன காட்டுதுன்னு. எஞ்சின் ஓடாதப்ப அது வெளிக்காத்தோட அழுத்தத்தைத்தான் காட்டணும். எங்க ஊர் உயரத்துக்கு 1000 மில்லிபாருக்கு கொஞ்சம் கம்மி. (ஊட்டியில பாத்தா 800-க்கும் கீழ இருக்கும், அதைப் பாத்து சென்சார் போச்சுன்னு சொல்லிடாதீங்க.) சரியாத்தான் காட்டுச்சு. அப்பறம் பங்காளியை ஓட்டச் சொல்லி, அவன் பக்கத்துல ஸ்கேனரோட உக்காந்தான். மூணாவது கியர், 1500 சுத்துல இருந்து முழுசா மிதி, 3500 வரைக்கும் விடாதன்னு சொன்னான். நான் பின்சீட்டுல. ஸ்கேனர்ல ரெண்டு எண்ணு வரும். எஞ்சினோட மூளை எவ்வளவு அழுத்தம் வேணும்னு கேக்குதுங்கறது ஒண்ணு, உண்மையில எவ்வளவு வருதுங்கறது ஒண்ணு. கேட்டது 2000-க்கு மேல. வந்தது அதைவிட ரொம்பக் கம்மி. "காத்து எங்கியோ போகுதுங்ணா"ன்னான்.

வந்து, காத்து வடிகட்டிக்கு அடுத்த பைப்பைக் கழட்டி, டர்போ வாயில ஒரு அடைப்பை மாட்டி, கம்ப்ரசர் காத்தை மெதுவா உள்ள விட்டான். அதிகம் ஏத்தக்கூடாதாம், சீல் எல்லாம் போயிருமாம். டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ் மேல சோப்புத் தண்ணியை ஊத்தினான். மேல ஒண்ணுமில்ல. கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துல, விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் நொரையா பொங்குச்சு. சும்மா நிக்கறப்ப அந்தக் கிழிசல் மூடியே இருக்கும். அழுத்தம் வந்தாத்தான் வாயைத் திறக்கும். பழைய டர்போ கக்கின எண்ணெயில ஊறி ரப்பர் பொதபொதன்னு ஆகியிருந்துச்சு, அதை அப்படியே திருப்பி மாட்டி கிளாம்ப்பை இறுக்கினதுல கிழிஞ்சிருக்கு. ஹோஸ் 1,400 ரூவா. இன்டர்கூலரையும் கழட்டி, உள்ள தேங்கி நின்ன எண்ணெயை வடிச்சான். கூலி 800. வண்டி இன்னைக்கு நல்லாத்தான் ஓடுது. இஞ்செக்டர்ல யாரும் கை வெக்கல.

இதுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்லைங்க. விவசாயிக்கு இது தெரிஞ்ச கணக்குதான். கெணத்து மோட்டார் ஓடுது, தண்ணி பாதிதான் வருதுன்னா, நாங்க மோட்டாரைக் கழட்டி காயில் கட்டக் குடுக்கறதில்ல. மொதல்ல பைப்பு எங்கியாவது காத்து இழுக்குதான்னு பாப்போம், அப்பறம் புட்வால்வுல குப்பை அடைச்சிருக்கான்னு பாப்போம். பைப்பு காத்து இழுத்தா, அதுல எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டினாலும் தண்ணி ஏறாது. டர்போவுல அதே விசயந்தான். பாதையில ஓட்டை இருந்தா காத்தை அழுத்தறவன் என்ன செய்வான்?

பொகையோட நெறம் நெறைய சொல்லும். டர்போவுக்கு முன்னாடி ஒரு சென்சார் உக்காந்து, உள்ள போற காத்தை அளக்குது. அந்த அளவை வெச்சுத்தான் மூளை டீசலை அளந்து விடுது. அளந்த காத்து வழியில ஓட்டையில போயிருச்சுன்னா, டீசல் அதிகமாவும் காத்து கம்மியாவும் ஆகி கறுப்புப் பொகை வரும். பங்காளி வண்டியில நடந்தது அது. பொகையே இல்ல, ஆனா வண்டி இழுக்கலைன்னா கதை வேற. அந்த சென்சார் மேலயே எண்ணெய்ப்பசை படிஞ்சு காத்தைக் கம்மியாக் காட்டியிருக்கலாம். காத்து கம்மின்னு நம்பி மூளை டீசலைக் குடுக்காம இறுக்கிப் புடிச்சுக்கும். அதுக்குன்னு இருக்கற ஸ்ப்ரேயில தொடச்சாலே பாதி நேரம் சரியாயிரும். பிரேக் கிளீனர்ல கழுவி அதைக் கொன்னவங்களும் இருக்காங்க, அதைச் செய்யாதீங்க.

இன்னொரு ரகம் இருக்கு. கொஞ்ச தூரம் ஜோரா இழுக்கும், மேட்டுல ஏறறப்ப திடீர்னு உசுரு போன மாதிரி ஆயிரும். ஓரமா நிறுத்தி சாவியை அமத்தி மறுபடி போட்டா பழையபடி ஓடும். இப்படி இருந்தா ஓட்டையைத் தேடாதீங்க. அழுத்தம் அளவுக்கு மேல ஏறி, எஞ்சினைக் காப்பாத்த மூளையே சக்தியைக் கொறைச்சிருக்கும். 90 ரகத்து டர்போவுல அந்தத் தகடுங்க கரி புடிச்சு மாட்டிக்கிட்டா இது வரும். இல்ல, தகடைத் திருப்பற ஆக்சுவேட்டருக்குப் போற சின்ன வேக்கம் குழாய் ரெண்டையும் எடம் மாத்திச் செருகியிருந்தாலும் வரும். சுண்டு வெரல் தண்டி ரப்பர் குழாய், பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதுல பழசாகி வெடிச்சிருந்தாலும் அழுத்தம் எகிறும், இல்லாட்டி ஏறவே ஏறாது. கையில அமுக்கற சின்ன வேக்கம் பம்ப்பு ஒண்ணு போதும், அந்த ஆக்சுவேட்டர் தண்டு நகருதா, நகர்ந்த எடத்துல நிக்குதான்னு அஞ்சு நிமிசத்துல பாத்தரலாம். சில மெக்கானிக்கு அதைப் பாக்காம டர்போவுல இருக்கற ஸ்க்ரூவைத் திருகிப் பாப்பாங்க. அது கம்பெனியில அளவு வெச்சு நிறுத்தினது. யாராவது ஸ்பேனரோட அதுகிட்ட போனா தடுத்துடுங்க.

மிதிச்சா சுத்து மட்டும் ஏறுது, வேகம் ஏறலைன்னா அது கிளட்ச் வழுக்கறது. அதுக்கும் டர்போவுக்கும் சம்பந்தமே இல்ல. டீசல் ஃபில்டர்ல தண்ணி, பொகைக்குழாயில இருக்கற கன்வெர்ட்டர் பழைய டர்போவோட எண்ணெயில அடைச்சுக்கறது, இஜிஆர் வால்வு திறந்தே நின்னுக்கறது, இதெல்லாமும் அதே திணறலைக் குடுக்கும். ஒவ்வொண்ணுக்கும் பாக்கற வழி தனித்தனி. நான் சொல்ல வர்றது, எல்லாத்துக்கும் பாக்கற வழி இருக்குதுங்கறது.

சில சமயம் புது டர்போவே சரியில்லாமலும் இருக்கும், இல்லேங்கல. பழசோட வயித்தை மட்டும் மாத்தி புதுசுன்னு வித்திருப்பாங்க. பக்கத்து ரகத்தோட டர்போ போல்ட்டுக்கு சரியா உக்காந்துச்சுன்னு மாட்டியிருப்பாங்க. கழட்டின பழசோட தகட்டுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், புதுசுலயும் இருக்கும். ரெண்டையும் செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பழசைக் கேட்டு வாங்கிக்குங்க, அது உங்க பொருள்.

இப்ப முக்கியமான விசயம். அந்த டர்போ ஏன் செத்துச்சு? அதோட தண்டு நிமிசத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து வரைக்கும் சுத்துது. அந்த வேகத்துல இரும்பு மேல இரும்பு பட்டா தாங்காது. அதனால தண்டு எண்ணெய்ப் படலத்து மேல மெதக்குது. எண்ணெய் ஒரு நொடி வரலைன்னாலும், கரியோட வந்தாலும் தண்டு தேயும். எண்ணெய் கொண்டுவர்ற குழாய் ஒரு பென்சில் தண்டிதான். 10,000 கிலோமீட்டர்ல மாத்த வேண்டிய எண்ணெயை 20,000 வரைக்கும் ஓட்டினா, அந்தக் குழாய்க்குள்ள கரி படிஞ்சு வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடா ஒட்டிக்கும். இப்ப அதே குழாயோட புது டர்போவை மாட்டினா, புதுசும் அதே சாவுதான் சாகும், கொஞ்சம் மெதுவா. ஜாயின்ட்டுல ஒழுகக்கூடாதுன்னு சிலிக்கான் பசையை அப்பறாங்க பாருங்க, அது பிதுங்கி உள்ள போய் எண்ணெய் ஓட்டையை அடைச்சுக்கறதும் நடக்குது. டர்போ மாத்தற பில்லுல எண்ணெய்க் குழாய், புது எண்ணெய், எண்ணெய் ஃபில்டர் இந்த மூணும் இல்லைன்னா அந்த வேலை முடியலைன்னு அர்த்தம். மாட்டினதும் டர்போ வாயில கொஞ்சம் எண்ணெய் ஊத்தி, எஞ்சினைப் புடிக்க விடாம சும்மா சுத்தி எண்ணெய் ஏத்திட்டு, அப்பறம்தான் ஸ்டார்ட் பண்ணணும். இதைக் கேட்டா "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்"ம்பாங்க. தெரிஞ்சா நல்லதுதான், கேட்டு வைங்க.

இன்டர்கூலர்ல தேங்கின எண்ணெயை வடிக்கணும்னு சொன்னேனே, அது வெறும் திணறலோட போற விசயம் இல்லைங்க. டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே தீனியாத் தின்னு தன்னால ஓட ஆரம்பிச்சுரும். சாவியை எடுத்தாலும் நிக்காது. அப்ப பெரிய கியர்ல போட்டு, பிரேக்கை முழுசா மிதிச்சு, கிளட்சை விட்டுத்தான் அடக்கணும்.

இனி பாக்கற கூலிக்கு வர்றேன். மாடு தீனி எடுக்கலைன்னு கால்நடை டாக்டரைக் கூப்புடறோம். அவரு வந்து காய்ச்சல் கூட பாக்காம, வயித்தைத் தொட்டுக்கூடப் பாக்காம, எட்ட நின்னு மூணு ஊசி போட்டுட்டுப் போனா நாம சும்மா இருப்பமா? இருக்க மாட்டோம். வண்டின்னா மட்டும் மெக்கானிக்கு பானெட்டைத் திறந்ததும் சாமான் பேரைச் சொல்லணும், சொல்லாதவன் வேலை தெரியாதவன்னு நெனக்கறோம். "பாத்துத்தான் சொல்லணும், ரெண்டு மணி நேரம் ஆகும்"ங்கறவன்கிட்ட இருந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடறோம். மெக்கானிக்கு பக்கத்துலயும் நாயம் இருக்கு. 38,000 பில்லுல அவனுக்கு சாமான்ல ஒரு பங்கு நிக்கும். மூணு மணி நேரம் மல்லாந்து படுத்து கிழிசலைக் கண்டுபிடிச்சா 1,400 ரூவா ஹோஸ்ல என்ன நிக்கும்? நாம கூலியைக் குடுக்காததை சாமான்ல எடுத்துக்கறான். சாமானைக் கம்மியா மாத்தறவன்தான் நல்ல மெக்கானிக்கு. ஆனா அவனுக்குத்தான் வீட்டு வாடகை கட்ட முடியறதில்ல.

எல்லாப் பழியையும் அவங்க தலையிலயும், வாடிக்கைக்காரங்க தலையிலயும் போட்டரவும் முடியாது. அந்த வேப்பமரத்தடிப் பையனுக்கு கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் தெரியற ஸ்கேனர் இருந்துச்சு. பலருக்கு இல்ல. ஆயிரம் ரூவாய்க்கு விக்கற சின்ன ஸ்கேனர்ல வந்த அழுத்தம் மட்டும்தான் தெரியும், கேட்டது தெரியாது. கம்பெனிக்காரங்க அந்தக் கருவியையும் புத்தகத்தையும் வெளி ஒர்க்ஷாப்புக்குக் குடுக்காம வெச்சிருந்தாங்கன்னு இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு வழக்குப் போச்சு. 2014 ஆகஸ்ட்டுல ஆணையம் 14 கார் கம்பெனிங்களுக்கு மொத்தமா 2,544 கோடி ரூவா அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும் பழுது பாக்கற கருவியையும் வெளியில கெடைக்க விடுங்கன்னும் சொல்லுச்சு. அப்பறம் மேல்முறையீடு அது இதுன்னு நீண்டுச்சு. 2022-ல மத்திய அரசோட நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்குன்னு ஒரு குழு போட்டுச்சு, அந்த டிசம்பர்லயே ஒரு இணையதளமும் தொறந்துச்சு. கார், செல்போன், வீட்டுச் சாமானோட விவசாயக் கருவியையும் அதுல சேத்திருக்கறது எனக்கு சந்தோசம். அமெரிக்காவுல இதுக்காகச் சண்டை போட்டதுல விவசாயிங்கதான் முன்னாடி நின்னாங்க. டிராக்டர் நின்னா கம்பெனி ஆளு கம்ப்யூட்டரோட வர்ற வரைக்கும் அறுப்பு காத்துக்கிட்டு இருக்கணும்ங்கற நெலமை அவங்களுக்கு. கொலராடோ மாகாணம் 2023-ல விவசாயக் கருவிக்குன்னே பழுது பாக்கற உரிமைச் சட்டம் போட்டுச்சு. எங்க பக்கம் புதுசா வர்ற டிராக்டர்லயும் சென்சாரும் மூளையும் வந்தாச்சு. இன்னைக்கு கார்ல நடக்கறது நாளைக்கு எங்க காட்டுக்குள்ள நடக்கப் போகுது. அதனாலதான் இந்த விசயத்தை இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஒர்க்ஷாப்புல உங்க வண்டியை விடறப்ப ஒண்ணு மட்டும் பண்ணுங்க. "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "எதை அளந்து பாத்தீங்க, எவ்வளவு வந்துச்சு?"ன்னு கேளுங்க. பாக்கற கூலி தனியா எவ்வளவுன்னு நீங்களே கேட்டு, அதைத் தனியா பில்லு போடச் சொல்லுங்க. அளவைச் சொல்லத் தெரியாதவங்க கிட்ட 30,000 ரூவா வேலையைக் குடுக்க வேண்டியதில்ல. இஞ்செக்டர்தான்னு அடிச்சுச் சொன்னாங்கன்னா அதையும் அளக்க வழி இருக்கு, நாலுலயும் திரும்பி வர்ற டீசலை நாலு பாட்டில்ல புடிச்சுப் பாத்தா எது ஒழுகுதுன்னு தெரிஞ்சுரும். பாட்டில் புடிக்காம இஞ்செக்டரைக் குத்தம் சொல்றவங்களை நான் நம்பறதில்ல.

ஓட்டறதுல ஒரு சின்னப் பழக்கம். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் உறுமாதீங்க, எண்ணெய் மேல ஏற அரை நிமிசம் விடுங்க. பழனியில இருந்து விரட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல நின்ன உடனே அமத்தாதீங்க, ஒரு நிமிசம் சும்மா ஓடட்டும். சூட்டுல சுத்திக்கிட்டு இருக்கற தண்டுக்கு எண்ணெய் நின்னா அங்கயே கரியாயிரும். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து அவசரமா இறங்கற வீட்டுக்காரங்க திட்டுவாங்க, திட்டட்டும்.

கடைசியா டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை விக்கறப்ப புரோக்கர்கிட்ட சீட்டுக்கவர், ஸ்பீக்கர் எல்லாம் பேசி வெலை ஏத்தறீங்க, சரி. எண்ணெய் மாத்தின பில்லையெல்லாம் ஒரு கவர்ல போட்டு டேஷ்போர்டு டப்பாவுல வெச்சுக் குடுங்க. டர்போ மாத்தியிருந்தா எந்தக் கிலோமீட்டர்ல, எந்த நம்பர் டர்போன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அதோட வைங்க. எண்ணெய் மாத்தாம ஓட்டியிருந்தீங்கன்னா அதையும் எழுதுங்க, வெலையில 5,000 கொறைச்சு வாங்கிக்கறோம். பங்காளி வண்டி டப்பாவுல இருந்தது ரெண்டு பார்க்கிங் ரசீதும், ஒரு கூலிங் கிளாஸும்தான்.